பாம்பனிலிருந்து வந்த போன்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் அங்கே மருமகளாக வந்து மூன்று வருஷம் ஆனபோது பின்கட்டை ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டோம். அவன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, குவார்ட்டர்ஸுக்காகக் காத்திருந்தவன். அவள் பாம்பன்காரி, மீனவர் மகள். வந்த புதிதில் ஏரியைப் பார்த்துவிட்டு, "இதுல அலையே இல்லையேக்கா" என்றாள், அதற்கு ஏதோ உடம்பு சரியில்லாத மாதிரி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவள் ஏழு மாதம். வளைகாப்புக்கு அவளுடைய அப்பா வருவதாக இருந்தது. அவருக்குப் பதில் தந்தி வந்தது. அவர் போன படகை, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என் மாமியார்தான் பதறிப்போனாள்.

"இன்னாடி இது? தண்ணியில யாருடி கோடு போட்டது?"

"நம்ம சர்க்காரும் அவுக சர்க்காருந்தாம்மா. நான் கைக்குழந்தையா இருக்கையில போட்டாகளாம். கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிருச்சு. அதுக்கு முன்னாடி அப்பா அங்கனதான் வலை காயப்போடுவாக. அந்தோணியார் திருவிழாவுக்கு அம்மாவ படகுலயே கூட்டிட்டுப் போவாகளாம்."

"இப்ப?"

"இப்ப அங்க சண்டை நடக்குதுல்ல. திருவிழாவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஊரில் அவள் வீட்டுக்கு எதிரே ஒரு கடையில் போன் இருந்தது. ஆனால் இங்கிருந்து கூப்பிட எங்களிடம் போன் இல்லை. எங்கள் தெருவில் போன் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அது என் மாமியாரின் கொழுந்தன் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். பக்கத்து வீடுதான், ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. கிணற்றடியில் ஒரு முழ அகல வரப்பு யாருடையது என்று பூந்தமல்லி கோர்ட்டில் வழக்கு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை.

மாமியார் முகத்தைக் கழுவினாள். புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஊட்ல போன் கீதுல்ல? இந்தப் பொண்ணோட அப்பனப் புடிச்சிகினு பூட்டாங்க. பாம்பனுக்குப் பேசணும்."

அவர் பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து எச்சில் கையோடு நின்றார். என் மாமியாரைப் பார்க்காமல், அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார்.

"உள்ள வாங்க அண்ணி" என்றார்.

கிடைத்த செய்தி கொஞ்சம்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, சிறையில் இருக்கிறார், அம்மா கலெக்டர் ஆபீசுக்கு அலைகிறாள். ஏதாவது தெரிந்தால் சாயங்காலம் கூப்பிடுகிறோம் என்றார் கடைக்காரர். அதனால் சாயங்காலமானால் மூவரும் அந்த வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்தோம். முதலில் சில நாள் யாரும் பேசவில்லை. பிறகு கொழுந்தன் மனைவி காபி கொண்டுவந்தாள். அப்புறம் மாமியார் அவளுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாள். வழக்கை யாரும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அடுத்த வாய்தாவுக்கு அண்ணியும் கொழுந்தனும் ஒரே பஸ்ஸில் பூந்தமல்லி போய், ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

வளைகாப்பை என் மாமியாரே செய்தாள். திருவேற்காடு போய் அம்மன் காலில் வைத்து வளையல் வாங்கிவந்தாள். வந்த பிறகுதான் யோசனை வந்தது.

"நீங்க வேதக்காரங்களாச்சே, மாதா கோயிலுக்குப் போறவங்க. இத்தப் போட்டுக்குவியா?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். கடைசி வளையல் ஏறியபோதுதான் அவள் முதல்முறையாக அழுதாள். மாமியார் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழு, அழு, நல்லா அழுதுடு" என்றாள்.

பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்து அந்தப் போன் வந்தது. அவரை விட்டுவிட்டார்கள், படகை விடவில்லை. அடுத்த வாரமே அவர் ஒரு மஞ்சப்பையோடு எங்கள் வாசலில் நின்றார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. குழந்தையைத் தூக்கப் பயந்து, கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

சிறையில் ஒரு காவலாளியாம். இவர் பேச்சு அவனுக்குப் புரியாது, அவன் பேச்சு இவருக்குப் புரியாது. மகள் மாசமாக இருப்பதை வயிற்றைத் தொட்டுக் காட்டி எப்படியோ சொல்லியிருக்கிறார். அதன்பின் தினமும் சோறு கொடுக்க வரும்போது அவன் தன் வயிற்றைத் தொட்டு, புருவத்தை உயர்த்திக் கேட்பானாம். 'இன்னும் தெரியலை' என்று இவர் தலையாட்டுவாராம்.

"ராவுல காத்து படகை அந்தாண்ட இழுத்துகினு பூட்டிருக்கும், பாவம்" என்றாள் என் மாமியார்.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இல்ல தாயி. தெரிஞ்சுதான் போனோம். இந்தப் பக்கம் வலை வெறுமனே வருது."

மகள் சட்டென்று எழுந்தாள். "மறுபடியும் போவீகளாப்பா?"

அவர் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை ஓசைப்பட அடுக்கினாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோது, அவர் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மார்பில் கவிழ்ந்து கிடந்தது. அவர் ஒரு கை அதன் முதுகை முழுக்க மூடியிருந்தது. அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு டேபிள் ஃபேனை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எங்களையும் சத்தம் போடாமல் வெளியே வரச் சொன்னாள்.