குசினியில் எரிந்த சிவப்பு விளக்கு

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவிக்குக் காது கேட்பதில்லை. நான் கடலுக்குப் போனால் திரும்பும்வரை வாசலுக்கும் சமைக்கிற குசினிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவளுக்காகத்தான் நிறம் மாறும் எல்.ஈ.டி. விளக்கை வாங்கி, குசினிச் சுவரில் நானே பூட்டினேன். என் போனில் அழுத்தினால் வீட்டில் நிறம் மாறும். படகு திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு என்று பேசிக்கொண்டோம். வெள்ளையைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் மாலை பச்சையை அழுத்திவிட்டுக் கரைக்கு வந்தால், அவள் செருப்புகூட இல்லாமல் நிற்கிறாள். கையெல்லாம் பிசைந்த மா. என்னைக் கண்டதும் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிவப்பெல்லோ எரிஞ்சது. கடல் உங்களைக் கொண்டுபோட்டுது எண்டு நினைச்சனான்."

வீட்டுக்குப் போய் விளக்கைக் கழற்றிப் பார்த்தால், சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மாறிப் பூட்டியிருக்கிறேன். வெள்ளைக்கு எல்லா வயரும் சேர்ந்து வேலை செய்வதால் பிழை தெரியவில்லை.

அன்றே சரிசெய்து, ஒவ்வொரு நிறமாக அவளுக்கு அழுத்திக் காட்டினேன். ஆனாலும் அடுத்த நாளும் கரையில் நின்றாள். பச்சை எரியவில்லையா என்று சைகையில் கேட்டேன்.

"ஓம், எரிஞ்சது. அதுதான் வந்தனான்."

அவள் வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அந்த விளக்கைப் பூட்டினேன். இப்போது கரையில் அவளைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.