ஒன்பதாம் குழியின் ஜன்னல்

என் ஓரகத்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும். நடுவில் எதிரே நிற்பவர் பாடுதான் திண்டாட்டம். அவள் தையல்காரி, ஊரில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறார்கள். அவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவளிடம் என்னளவுக்குத் திட்டு வாங்கியவர் வேறு யார்?

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். ஒரு முனையில் நின்று பந்தை அடித்து, மறுமுனையில் கொடி நட்டிருக்கும் குழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்படிப் பதினெட்டுக் குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தது பெரிய மனிதர்கள் இல்லை, அங்கங்கே நடந்த கூத்துதான். மூன்றாவது குழி 'எருமைக் குளியல்'. திறப்பு விழா அன்று எருமைகள் குட்டையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, ரிப்பன் வெட்ட வந்தவர் கத்திரிக்கோலும் கையுமாகக் கரையில் காத்துக் கிடந்தாராம். ஐந்தாவது 'மாப்பிள்ளைப் புதர்'. கல்யாணத்தன்று காலையில் அங்கே போய் ஒளிந்துகொண்ட மாப்பிள்ளையை அவர் தும்மலே காட்டிக் கொடுத்துவிட்டது. எட்டாவது 'வக்கீல் போன வழி'. பந்தைத் தேடி அந்த மரங்களுக்குள் நுழைந்த வக்கீல் ஒருவர் பேருந்து நிலையத்தில்தான் வெளியே வந்தார், அதுவும் பந்து இல்லாமல்.

ஒன்பதாவது 'தையலக்கா ஜன்னல்'. அந்தத் தையலக்கா சாட்சாத் என் ஓரகத்தி.

அவள் அறையின் பின்பக்க ஜன்னலை ஒட்டித்தான் தையல் மிஷின் இருந்தது. ஒன்பதாவதில் அடிக்கிறவர்கள் கொடியைப் பார்த்து அடிப்பார்கள், பந்து எங்கள் ஜன்னலைப் பார்த்து வரும். கண்ணாடி உடைந்ததும் அவள் தலையை வெளியே நீட்டி "எவன்டா அது!" என்பாள். மைதானமே அமைதியாகிவிடும். அடித்தவர் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். பந்து வேண்டுமென்றால் முக்காலியில் உட்கார்ந்து, அவள் ஊசிக்குத்தியில் இருக்கும் ஊசிக்கெல்லாம் நூல் கோர்த்துக் கொடுக்க வேண்டும். நீதிபதி கோர்த்திருக்கிறார். போலீஸ் அதிகாரி நாக்கை நீட்டிக்கொண்டு கோர்த்திருக்கிறார். பல் டாக்டர் ஒருவர் அடிக்கடி வந்ததால், அவருக்கென்று முக்காலி மேல் ஒரு மெத்தையே தைத்துப் போட்டுவிட்டாள்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்து நேராக மிஷின் சக்கரத்தில் வந்து விழுந்து அதை உடைத்தது. இவள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். "அடைச்சுத் தொலைங்க அந்த ஜன்னலை!" என்று கொழுந்தனுக்கு உத்தரவு. என் வீட்டுக்காரர் கொத்தனார். அண்ணி சொன்ன சொல் தரையில் விழுவதற்குள் செங்கல் வைத்து அடைத்து, இருந்த சுவடே தெரியாமல் பூசியும் விட்டார். மறுநாள் இவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் சொன்ன வாயால் திறக்கச் சொல்ல ரோஷம் விடவில்லை. அவளுக்கு ஏற்கெனவே கண் மங்கத் தொடங்கியிருந்தது. கோர்க்க ஆள் இல்லை. ஊசிக்குத்தியை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் முணுமுணுத்துக்கொண்டே கோர்ப்பேன். "சலிச்சுக்கிட்டே கோத்தா நூல் சீக்கிரம் அறுந்துடும்டி" என்பாள். நன்றி என்ற சொல்லே அவள் வாயில் வராது.

மைதானத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஆதாரம் கேட்பார். குழிகளின் பெயரையும் கதையையும் கல்லில் வெட்டி நட முடிவு செய்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். எருமைகளுக்குப் புகைப்படம் இருந்தது. பேரன் பேத்தி எடுத்துவிட்ட அந்த மாப்பிள்ளை நேரில் வந்து தும்மியே காட்டினார். ஒன்பதாவதில் செயலாளர் நிமிர்ந்து பார்த்தால் மொட்டைச் சுவர்.

எங்கள் வாசலுக்கு வந்தார். "ஜன்னலே இல்லாத இடத்துல ஜன்னல்னு கல்லுல வெட்டினா, பார்க்கிறவங்க சிரிப்பாங்கம்மா."

"இருந்துச்சு சார்" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"இருந்தாலும் பந்து இங்க எப்படிம்மா வரும்? கொடி ஒரு பக்கம், உங்க வீடு ஒரு பக்கம். ஞாயித்துக்கிழமை கல்லு வெட்டக் கொடுக்கணும். பேசாம ஒரு பூப் பேரா, ரோஜான்னு போட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் போனதும் அக்கா மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். "ரோஜாவாம்டி" என்றாள். "அந்தச் சுவத்துக்குப் பின்னாடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாங்கறதுக்கு அது ஒண்ணுதான் அடையாளம். அதையும் எடுத்துட்டா நான் யாருடி?" அவளைக் கிண்டல் செய்ய ஒன்றுமே தோன்றாத நாள் அது ஒன்றுதான்.

அப்புறம் அவளே எழுந்தாள். "கூப்பிடு உன் புருஷனை."

சனிக்கிழமை காலை நான் குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிர்ச் சுவர் அதிர்ந்தது. ஒரு செங்கல் வாளிக்குள் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பச்சைப் பசேல் என்று கோல்ஃப் மைதானம், அதில் நாலு பேர் மட்டையோடு நின்று என்னையே பார்த்தார்கள்.

"நீ எப்படி அண்ணி ரூமுக்குள்ள?" என்றார் இவர்.

"உங்க அண்ணி ரூமா? இது நம்ம பாத்ரூம்!"

சுவடே தெரியாமல் பூசியதில் மனிதருக்கு அவ்வளவு பெருமை. இப்போது அந்தச் சுவடு அவருக்கே தெரியவில்லை. வெளியிலிருந்து கண்மட்டமாகக் குறித்து, அடுத்த சுவரை உடைத்துவிட்டார். அக்கா ஓடி வந்து பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு பீறிட்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க, நான் வாய் நிறைய நுரையோடு சிரிக்க, மைதானத்திலிருந்த நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். என் பக்கத்து ஓட்டையில் சாக்கைத் தொங்கவிட்டு, சரியான இடத்தில் உடைத்து, மாலைக்குள் ஜன்னலும் கண்ணாடியும் மாட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார். "ஜன்னல் சரி. பந்து?" என்றார். பழைய ஆட்கள் இதற்காகவே கூடியிருந்தார்கள். பல் டாக்டர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்க்காத குறையாக முன்னால் வந்தார். "அக்கா, நான் இருக்கேன். கவலைப்படாதீங்க." ஜன்னலைக் குறி பார்த்து அடித்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது. வாழ்நாளில் அவர் அப்படி அடித்ததே இல்லை. இன்னொரு முறை அடித்தார். அது குழிக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஒரே அடியில் குழியில் போடுவது இந்த ஆட்டக்காரர்களுக்குப் பெரிய கனவாம். எல்லோரும் கை தட்ட, அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அக்கா, மன்னிச்சிடுங்க!" அடுத்து நீதிபதி. அதுவும் கொடிக்கே போனது. இத்தனை காலம் வேண்டாம் வேண்டாம் என்றபோது வந்த பந்து, வா வா என்றதும் வர மறுத்தது.

அக்கா ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் செயலாளர். "பந்து இயற்கையாவே கொடிப் பக்கம்தான் போகும். இதுல நேரா அடிக்கிறது ஒண்ணும் கஷ்டமே இல்ல. நகருங்க, நான் காட்டறேன்."

கையுறையை மாட்டினார். புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று பார்த்தார். கொடியை ஒரு முறை, பந்தை ஒரு முறை, மறுபடியும் கொடியை ஒரு முறை பார்த்துவிட்டு அடித்தார். பந்து கொடியை நோக்கித்தான் கிளம்பியது. பாதி வழியில் வலப் பக்கமாகத் திரும்பியது. இன்னும் திரும்பியது.

சலீர்!

"எவன்டா அது!"

மைதானம் ஆனந்தக் கூத்தாடியது. பல் டாக்டர் நீதிபதியைத் தூக்கிச் சுற்றினார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. உடைந்த கண்ணாடிக்கு நடுவில் அக்கா பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமும் சந்தோஷமும் ஒரே முகத்தில் இடம் போதாமல் தள்ளிக்கொண்டிருந்தன. "சுத்திக்கிட்டு வாசலுக்கு வாங்க சார்" என்றாள்.

வந்தார். மெத்தையில் உட்கார வைத்து ஊசிக்குத்தியை நீட்டினாள். மனிதருக்கு முதல் ஊசியே படியவில்லை. நூலை நனைத்தார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார், மூச்சைப் பிடித்தார். கடைசி ஊசியைக் கோர்த்தபோது நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கதையை நீங்களே சொல்லுங்கம்மா, அப்படியே வெட்டச் சொல்றேன்" என்றார்.

அக்கா சொன்னாள். முதல் கண்ணாடி, நீதிபதி, போலீஸ், மிஷின் சக்கரம். அவர் எழுதிக்கொண்டார். முடிந்தது என்று பேனாவை மூடப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். ஜன்னல் மூடினப்புறம் இங்க யாரும் வரல. இத்தனை வருஷமா எனக்கு ஊசி கோத்தது இவதான். என் ஓரகத்தி. இவ கோக்கலேன்னா நான் என்னைக்கோ மிஷினை மூடியிருப்பேன். அதையும் போடுங்க."

என்னைப் பார்க்காமல், பந்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் அழுதேன். மறைக்கக்கூட முயலவில்லை, முந்தானை நனைய அழுதேன். "எதுக்குடி அழற, துணியெல்லாம் ஈரமாகுது" என்றாள்.

இப்போது கல் நட்டாகிவிட்டது. மேலே 'தையலக்கா ஜன்னல்', கதையின் கடைசி வரியில் நான். காலையில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் போகிறேன். எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

மறுவாரம் என் வீட்டுக்காரர் செங்கலும் சிமெண்டுமாக வந்து, எங்கள் குளியலறைச் சாக்கை விலக்கினார்.

"இருங்க" என்றேன். "அதை அடைக்க வேண்டாம். உள்ள தெரியாத கண்ணாடியா ஒண்ணு வாங்கி மாட்டுங்க. என் பக்கமும் ஒரு பந்து வரட்டுமே."