நல்ல தண்ணியில் கழுவிய டேங்க்

துரு எடுக்கும் தொழிலில் ஒரு வசதி: திருவொற்றியூரில் கடல் காற்று வீசும்வரை வேலைக்குப் பஞ்சம் கிடையாது. ப்ளஸ் டூ கணக்கில் நான் கோட்டை விட்டதும், "டுடோரியலுக்குப் போ" என்றார் அப்பா. முடியாது என்றேன். மெக்கானிக் கடையில் பெண்ணைச் சேர்க்க மாட்டார்களாம். சரி, மொட்டை மாடியிலேயே பழைய வண்டிச் சாமான்களுக்குத் துரு எடுக்கிறேன் என்றேன். அப்பா ஒரு மாதம் கெடு வைத்தார். "ஒரே ஒரு கஸ்டமர் திட்டாம போவட்டும், அப்பால நான் வாயத் தொறக்கல." எளிது என்று நினைத்தேன். கஸ்டமர்களோடு மாரடிக்கும் உங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று.

காவி மட்கார்டு

முதல் ஆள் ஐஸ் வண்டி ஓட்டும் குமார் அண்ணன். கொடுத்தது ஸ்கூட்டர் மட்கார்டு. உப்புத்தாள் போட்டு விரல் தேயத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆனது. போர் தண்ணியில் கழுவி, கடல் பக்கம் துணிக்கொடியில் கட்டிவிட்டுப் படுத்தேன். எங்கள் போர் தண்ணியை வாயில் வைத்தால் கருவாடு. காலையில் மட்கார்டு முழுக்கக் காவி.

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் குடுக்கசொல்லோ ஓரத்துலதான் துரு இருந்துச்சு. நீ ஃபுல்லா பெயிண்டே அடிச்சிகீறே."

வாத்தியாரின் போல்ட்டுகள்

அடுத்து, எனக்குக் கணக்கு எடுத்த அதே வாத்தியார். ஒரு கைப்பிடி போல்ட்டு, நட்டு. பாத்ரூம் ஆசிட்டில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுக்க வேண்டும். டிவியில் படம் ஓடியது. சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. துரு போயிருந்தது. மரையும் போயிருந்தது. எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் நிற்கவில்லை.

"பரீட்சையிலும் இதேதான். தப்பை அடிக்கிறேன்னு சரியான விடையையும் சேர்த்து அடிச்சே."

சைலன்சர் என்று ஒன்று

ஹார்பர் வேலைக்குப் போகும் மாமா ஒருவர் சைலன்சர் கொண்டுவந்தார். தட்டினால் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு உற்சாகம், இன்னும் தட்டினேன். கடைசியில் கையில் மிஞ்சியது நாலு ஓட்டையும், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் தகடும். உள்ளே இரும்பே இல்லை மாமா என்று உண்மையைச் சொன்னேன். உண்மை யாருக்குப் பிடிக்கிறது?

"துருதாம்மா அத்த புடிச்சிகினு இருந்துச்சு. அதையும் நீ புடுங்கிட்டே!"

செல்வியக்காவின் டேங்க்

கெடுவுக்கு இரண்டு நாள் பாக்கி. அப்பா டுடோரியல் ஃபாரமே வாங்கி வைத்துவிட்டார். அப்போது வந்தாள், மீன் விற்கும் செல்வியக்கா. திட்டாமல் அவள் மீனைக்கூட வெட்டியதில்லை. அவள் மொபெட்டின் பெட்ரோல் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. வண்டி பத்தடிக்கு ஒருமுறை நின்றது. கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொள்கிறார்களாம்.

ஆசிட்டை ஊற்றி, பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டு, டேங்கைப் பழம்புடவையில் சுற்றிக் குலுக்கினேன். தோள் கழன்றது. ஆப்ப சோடா கரைத்து அலசினேன். இனிக் கடைசிக் கழுவல். போர் தண்ணி ஊற்றினால் மட்கார்டு கதைதான். நல்ல தண்ணி என்றால் லாரித் தண்ணி. லாரி நாளை மறுநாள்தான் வரும். சமையலறையில் அம்மா மூடி போட்டு வைத்திருந்தது மூன்று குடம்.

இரண்டைத் தூக்கினேன். கழுவி, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க உள்ளே கெரசின் சுழற்றி ஊற்றினேன். காலியான குடங்களைக் கண்ட அம்மா கத்தியது எண்ணூர் வரை கேட்டிருக்கும். அம்மா கஸ்டமர் இல்லை என்பதால் அது கணக்கில் வராது.

மறுநாள் அக்கா கிக்கரை மிதித்தாள். தெருமுனை வரை போனாள், நிற்காமல் திரும்பி வந்தாள். அப்பா ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அக்கா டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், மோந்தாள், என்னை முறைத்தாள்.

"வண்டி ஓடுது. திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் பேஜாரா கீது."

அப்பா ஃபாரத்தை மடித்தார். ஆனால் அம்மா போட்ட தண்டனைப்படி இப்போது லாரி வரும் நாளெல்லாம் ஆறு குடத்தோடு வெயிலில் நிற்பது நான்தான், இதற்கு டுடோரியல் பெஞ்சே தேவலை என்று நான் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.