முகத்தைப் பார்த்துப் பிள்ளையளைப் பற்றிக் கேட்டவ

என்ரை மூத்தவன் எண்பத்தாறாம் ஆண்டு மாரியிலை செத்தான். நாலு வயது. கழுத்திலை நெறி கட்டிச் சீழ் பிடிச்சு, பிறகு நெஞ்சுக்குள்ளையும் சீழ் வைச்சு, மூச்சு விட ஏலாமல் என்ரை மடியிலையே போயிட்டான். ரண்டு வருசம் கழிச்சு இளையவனும் அப்படியே. நடுவிலை பிறந்த மகள் வாணிக்கு மட்டும் ஒண்டுமில்லை.

நாங்கள் உடுவிலிலை தோட்டஞ் செய்யிற ஆக்கள். பிள்ளையள் போக முந்தியே எனக்கும் வருத்தந்தான். வெயில் பட்டால் ரண்டு கன்னமும் சிவந்து தோல் உரியும். வாய் முழுக்கப் புண். மூட்டு நொந்து வெங்காயம் பிடுங்க ஏலாது. காட்டாத பரியாரியும் இல்லை, டொக்டரும் இல்லை. பொடியள் போன பிறகு "பிள்ளையளை நினைச்சு வாற வருத்தம்" எண்டு சொல்லிச் சத்துக் குளிசை தந்து விட்டவை.

என்ரை மனுசன்ரை தமக்கை இளையவன்ரை செத்தவீட்டிலையே சொன்னவ: "உவளின்ரை வயித்திலை ஏதோ குறை. ஆம்பிளைப் பிள்ளை தங்காது." அவர் ஒண்டும் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் கண்ணாடி பார்க்கிறதை விட்டிட்டன். தண்ணி அள்ளப் போனால் கிணத்துக்குள்ளை பார்த்துக்கொண்டு நிப்பன். வாணி வந்து சீலையைப் பிடிச்சு இழுப்பாள்.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரை. சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை அவரும் நானும் பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்குப் போனம். சந்நிதி முருகன்ரை வாசலிலை நிண்டு நான் சுகம் கேக்கேல்லை. "முருகா, இது என்னெண்டு சொல்லு. இல்லாட்டி என்னையும் கூப்பிடு." அவ்வளவுதான் கேட்டனான். கண்ணீர் பட்டுக் கன்னம் எரிஞ்சது.

பூசை முடிய மடத்திலை சாப்பாடு. ஒரு வாய் சோறு வைச்சன். உறைப்புத் தாங்க ஏலாமல் கையை எடுத்திட்டன். பக்கத்திலை இருந்த நரைச்ச தலை அம்மா ஒருத்தி என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவ.

"வாய்ப்புண்ணோ?"

"ஓம்."

"வெயிலும் ஒத்துக்கொள்ளாதோ?"

"ஓம் அம்மா."

என்ரை பக்கமாக் குனிஞ்சவ. பிறகு மெல்லமாக் கேட்டவ: "பிள்ளை, உங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளையள் பிறந்து தவறினதோ?"

சாப்பாட்டு இலைக்கு முன்னாலை குப்புற விழுந்து அழுதன்.

அவ கனகாலம் வெளிநாட்டிலை வேலை செய்த டொக்டர். நேர்த்திக்கடனுக்கு வந்தவ. அந்த வெளிநாட்டிலை இப்படி ஒரு தாயைப் பார்த்தவவாம். "இது பரம்பரையிலை வாறது. இரத்தத்திலை உள்ள வெள்ளை அணுவுக்குக் கிருமியைக் கொல்லத் தெரியாது. ஆம்பிளைப் பிள்ளையளை முழுசாப் பிடிக்கும். தாயிட்டை நல்ல அணுவும் இருக்கும், பழுதும் இருக்கும். அதாலை உயிர் தப்புவா. ஆனால் அவவையும் அது சும்மா விடாது, கன்னத்திலையும் வாயிலையும் இப்படிக் காட்டும். இது உங்கடை மனவருத்தம் இல்லைப் பிள்ளை. நீங்கள் செய்த பிழையும் இல்லை."

அவர் எல்லாருக்கும் முன்னாலை என்ரை கையைப் பிடிச்சார்.

கொழும்புக்கு அனுப்பி இரத்தம் சோதிக்க வேணும் எண்டவ. ஆனியிலை திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியாச்சு. அந்தச் சோதனை இண்டுவரை நடக்கேல்லை. மருந்துச் சாமானுக்கெல்லாம் தடை. ஆனால் கன்னத்துக்கும் வாய்க்கும் அவ சொன்ன மருந்து மலேரியாக் குளிசை. எல்லாம் இல்லாமல் போன நேரத்திலையும் அது எங்கடை டிஸ்பென்சரியிலை கிடைச்சது. அந்த மாரிக்குள்ளை கன்னம் ஆறிச்சுது. சோறு விழுங்கினன்.

மூட்டு நோ இன்னும் இருக்கு. வெயிலுக்கு முந்தியே தோட்ட வேலையை முடிக்கிறன். வாணியின்ரை இரத்தத்திலையும் அது இருக்கலாம். அவள் வெயிலிலை விளையாடிப்போட்டுக் கன்னஞ் சிவந்து வந்தால் என்ரை நெஞ்சு நிண்டிடும். வளந்த பிறகு அவளுக்கு எல்லாம் சொல்லுவன். அவளுக்குப் பொடியன் பிறந்தால் முதல் நாளிலை இருந்தே டொக்டரிட்டைக் காட்டச் சொல்லுவன். எனக்கு ஆரும் சொல்லேல்லை.

முருகன் என்ரை பொடியளைத் திருப்பித் தரேல்லை. கேட்டதுக்கு மறுமொழி தந்தான். அதோடை நான் சீவிக்கிறன். அடியார்களே, பிள்ளையைப் பறிகுடுத்து, பழியையும் சுமந்துகொண்டு ஆரும் இருந்தால் அவனிட்டைப் போங்கோ. வாய்விட்டுக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு, பக்கத்திலை இருக்கிற ஆள் விசாரிச்சால் முகத்தைத் திருப்பாதையுங்கோ. அவன் ஆரின்ரை வாயாலை கதைப்பானெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.