பிறை தெரிந்தால் செவ்வாய், தெரியாவிட்டால் புதன்

1. தேதி இல்லாத லீவு

"தேதி தெரியாத பண்டிகைக்கு நான் எப்படி லீவு குடுக்கிறது?"

கேட்டவர் லிண்டா, என் முதல் அமெரிக்க மேலதிகாரி. நியூ ஜெர்சியில் ரூட் ஒன் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு மாத்திரைக் கம்பெனியின் குவாலிட்டி கன்ட்ரோல் லேப் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் பேசியது இங்கிலீஷ். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நான் நாகூர்க்காரி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தொண்ணூறுகளின் நடுவில் எச்-ஒன் என்ற வேலை வீசாவில் அந்த லேபில் அனலிஸ்டாகச் சேர்ந்தேன். என் வீசாவைத் தொற்றிக்கொண்டு கணவர் ஜமாலும் மகள் நிலோஃபரும் வந்தார்கள். கணவருக்கு அந்த வீசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்டில் சமையலும் பிள்ளையை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. ஊரில் இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உலையில் போட அரிசி வந்தது என் சம்பளத்தில், உலையை ஏற்றியது அவர். இரண்டிலும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. லிண்டா வேண்டாம் என்று சொன்னால் வேலை போகும், கூடவே வீசா போகும், மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இந்த நிலைமையில்தான் எங்களுக்கு அமெரிக்காவில் முதல் நோன்புப் பெருநாள் வந்தது.

பெருநாளைக்கு முன்கூட்டியே தேதி சொல்ல முடியாது. முந்தின நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு பிடித்து அதற்கு அடுத்த நாள். அந்த வருஷம் செவ்வாய் அல்லது புதன் என்று இருந்தது. லிண்டாவின் லேபிலோ யார் எப்போது லீவு என்பதை இரண்டு வாரம் முன்பே வொய்ட்போர்டில் எழுதியாக வேண்டும். போதாததற்கு அந்தச் செவ்வாய்க்கிழமை என் பெயரில் ஒரு ஸ்டெபிலிட்டி ரன் இருந்தது. மாத்திரைகளைச் சூடும் ஈரமும் உள்ள அறையில் மாதக்கணக்கில் வைத்திருந்து, குறித்த நாளில் எடுத்து, மருந்தின் வீரியம் குறைந்திருக்கிறதா என்று எச்.பி.எல்.சி. என்ற சோதனை மெஷினில் ஓட்டிப் பார்ப்பதுதான் அந்த ரன். அதற்கென்று உள்ள நாளில் ஓட்டாவிட்டால் ஆடிட்டில் மானம் போகும்.

வீட்டில் சொன்னேன். கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசனை சொன்னார்.

"எதுக்கு இந்தத் தலைவலி? அன்னைக்குக் காலையில போன் பண்ணி வயித்துவலின்னு சொல்லிடு. இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்."

"மாசம் முழுக்க நோன்பு புடிச்சுட்டு, பெருநாளைப் பொய்யில ஆரம்பிக்கவா மச்சான்?"

அவர் மறுபடி வெங்காயத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பண்டிகையை வியாதி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2. பார்த்தபின் எழுது

அந்த லேபில் லிண்டாவுக்கு ஒரு வெறி உண்டு. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. ரிசல்ட் இப்படித்தான் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், கிராஃபில் பீக் என்ற முகடு வந்து, அதைப் பார்த்தபின்தான் பேனாவை எடுக்க வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு டெம்பரேச்சர் ரீடிங்கைப் பார்க்கப் போகும் வழியிலேயே எழுதிவிட்டேன் என்பதற்காக முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைத்தவர்.

அந்த வெறியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"லிண்டா, பிறை எப்போ பிறக்கும்னு கணக்குப் போட்டு வருஷக்கணக்கா முன்னாடியே சொல்லிடலாம். ஆனா எங்க ஆளுங்க கண்ணால பார்க்காம பெருநாளை அறிவிக்க மாட்டாங்க. பார்க்காததை எழுதாதேன்னு நீங்கதானே சொல்றீங்க? எங்க வீட்டில அதை ரொம்பக் காலமா செஞ்சுட்டு வர்றோம்."

லிண்டா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"சரி. ரன்னுக்கு என்ன வழி?" என்றார்.

வழியையும் கொண்டுபோயிருந்தேன். பிறை தெரிந்து செவ்வாய் பெருநாள் என்றால், ரன்னை வேறொருவர் ஓட்டட்டும், புதன்கிழமை வந்து கணக்கு முழுக்க நான் போடுகிறேன். புதன் பெருநாள் என்றால், செவ்வாய் ரன்னை நானே முடிக்கிறேன், மறுநாள் கணக்கை அவர் போடட்டும். கரைசல்களைத் திங்கட்கிழமையே தயார் செய்து வைத்துவிடுவேன்.

"அந்த வேறொருவர் யார்?"

பக்கத்து பெஞ்சில் சாம் இருந்தார். நைஜீரியாக்காரர், லேபில் என்னைவிட சீனியர். உயரமான மனிதர், பேச்சு குறைவு. மதியம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது கோட்டை மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விடுவார். நான் நோன்போடு பெஞ்சிலேயே இருப்பேன். ஒரே லேபில் இருந்தும் நாங்கள் 'குட் மார்னிங்' தாண்டிப் பேசியதில்லை.

லிண்டா அவரைப் பார்த்தார். "சாம், ரெண்டு நாளும் நீங்க இருப்பீங்களா?"

சாம் கையில் இருந்த குடுவையை அதன் இடத்தில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இருப்பேன். நீங்க பெருநாளுக்குப் போங்க" என்றார்.

வொய்ட்போர்டில் என் பெயருக்கு நேரே லிண்டா தன் கையாலேயே 'செவ்வாய் அல்லது புதன்' என்று எழுதினார். அந்த போர்டில் 'அல்லது' என்ற சொல் ஏறியது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பெஞ்சுக்கு நடந்தேன்.

3. லிண்டாவும் வானத்தைப் பார்த்தார்

திங்கட்கிழமை மாலை. நோன்பு திறந்துவிட்டுக் கணவர் வைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போன் போட்டேன். அந்தக் காலத்தில் பிறைச் செய்தியை ஆன்ஸரிங் மெஷினில் பதிந்து வைப்பார்கள். ஊரே கூப்பிடும்போது லைன் எப்படிக் கிடைக்கும்? எங்கேஜ்டு, எங்கேஜ்டு என்றே வந்துகொண்டிருந்தது. நிலோஃபர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, இஸ் இட் டுமாரோ?"

"தெரியலடா. கொஞ்சம் பொறு."

ரிசீவரை வைத்ததுமே மணி அடித்தது. லிண்டா.

"இங்க பார்க்கிங் லாட்டில நின்னு பார்த்தேன். மரம் மறைக்குது. உங்க பக்கம் ஏதாவது தெரிஞ்சுதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குளிரில், ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு, லிண்டா எங்கள் பிறையைத் தேடியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் லைன் கிடைத்தது. பிறை பார்த்ததாகச் சாட்சி வந்திருக்கிறது, நாளை பெருநாள் என்று பதிந்து வைத்திருந்தார்கள். நிலோஃபர் சோபாவில் ஏறிக் குதித்தாள். லிண்டாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர், "அப்போ செவ்வாய். குட். நான் சாமுக்குச் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டார்.

4. பெருநாள் அன்று

தொழுகை ஒரு ஸ்கூலின் ஜிம்மில் நடந்தது. வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பேஸ்கட்பால் கோடுகளின் மேல் வெள்ளைத் துணி விரித்து, எத்தனையோ நாட்டுச் சனங்கள். பக்கத்தில் நின்ற அம்மாளின் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தொழுது முடித்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நாகூரில் எத்தனையோ பெருநாள் கண்டிருக்கிறேன். ஒளிக்காமல், கேட்டு வாங்கிய பெருநாள் இதுதான். அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

கணவர் பிரியாணியை தம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாம்.

"மெஷின்ல பிரஷர் ஏறி இறங்குது. நிக்க மாட்டேங்குது. ரன்னை ஆரம்பிக்க முடியல. தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

இன்று ரன் ஓடாவிட்டால் லிண்டா வொய்ட்போர்டில் எழுதிய 'அல்லது' என் தலையில்தான் விடியும். இனி யாரும் அப்படிக் கேட்கவும் முடியாது.

அந்த மெஷின் எனக்கு வீட்டு மிக்ஸி மாதிரி. அதன் கோளாறுகள் எல்லாம் பழக்கம். "பம்புல காத்துக் குமிழி மாட்டியிருக்கும் சாம். பர்ஜ் வால்வைத் திறந்து விடுங்க. குமிழி வர்றது நின்னப்புறம் மூடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போன் வயரை இழுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். கணவர் பெருநாளும் அதுவுமா இது என்ன என்பதுபோல் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது.

"நின்னுடுச்சு. பிரஷர் ஒரே கோடா போகுது. சரிபார்க்கிற ஸ்டாண்டர்டுக் கரைசலை இன்ஜெக்ட் பண்றேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பீக் நல்லா இருக்கு. கண்ணால பார்த்துட்டேன்" என்றார்.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். நன்றி சொல்லி வைக்கப் போகும்போது, சாம் தாழ்ந்த குரலில், "ஈத் முபாரக்" என்றார்.

"தேங்க்யூ சாம்."

அவர் வைக்கவில்லை. அடுத்து அவர் சொன்னது அரபி. எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும் என்று பெருநாள் அன்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாசகம். சின்ன வயசிலிருந்து சொல்லிப் பழகிய நாக்கில்தான் அது அப்படி வரும்.

"சாம், நீங்க..."

"என் பேர் சுலைமான். அம்மா வச்சது."

எனக்காகப் பெருநாளில் ரன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கும் அன்றைக்குப் பெருநாள்.

5. காரில் வைத்த சஹன்

ரன் ஓடத் தொடங்கிவிட்டால் மெஷின் தன் பாட்டுக்குப் போகும். கணவர் பிரியாணியைப் பெரிய தட்டில் கொட்டி மூடினார். மூன்று பேரும் காரில் லேபுக்குப் போனோம். சாம் பார்க்கிங் லாட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம், அதைச் சஹன் என்போம். பின் சீட்டில் தட்டை வைத்து, அவரும் என் கணவரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். லேப் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டதை நிலோஃபர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். என் குரலில் கோபம்தான் இருந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேறொரு கம்பெனியில் பெருநாளுக்கு லீவு கேட்டாராம். மேலாளர், போனால் திரும்பி வர வேண்டாம் என்றாராம். அவர் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது வேலை இல்லை. அதற்கப்புறம் சாம் ஆகிவிட்டார். நோன்பு நாட்களில் மதியம் காரில் உட்கார்ந்திருப்பார். பெருநாளில் வேலைக்கு வந்துவிடுவார்.

"லிண்டா அப்படிப்பட்டவங்க இல்லையே. என்கூடச் சேர்ந்து நீங்களும் கேட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு பேரும் கேட்டா ரெண்டு பேருக்கும் கிடைக்காதுன்னு நினைச்சேன். நீங்க வீசாவில இருக்கீங்க, பிள்ளை இருக்கு. உங்களுக்காவது கிடைக்கட்டும்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவர் ஒரு இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளினார். ரகசியத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சாம் கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை.

புதன்கிழமை கணக்கு முடித்தேன். ரிசல்ட் சரியாக வந்தது. லிண்டா கையெழுத்துப் போட்டார், அடுத்த மாதமே என் வேலையை நிரந்தரமாக்கினார்.

6. கையைத் தூக்கியவர்

மறு வருஷம் பெருநாள் சனி, ஞாயிறில் போனது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வியாழன் அல்லது வெள்ளி. வாராந்தர மீட்டிங்கில் லிண்டா மார்க்கரைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பிறை எப்போ?"

நான் வாயைத் திறக்குமுன் மேசையின் மறுமுனையில் ஒரு கை உயர்ந்தது.

"வியாழன் அல்லது வெள்ளி. எனக்கும் லீவு வேணும்" என்றார் சாம்.

"உங்களுக்கு எதுக்கு?"

"பெருநாளுக்கு. என் பேர் சுலைமான், லிண்டா."

லிண்டா அவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் தனக்குத் தெரியாமல் போனதே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு போர்டுக்குத் திரும்பி, சாம் என்று இருந்ததை அழித்து சுலைமான் என்று எழுதினார். எழுத்து சரியா என்று அவரிடமே கேட்டுக்கொண்டார். எங்கள் இரண்டு பெயருக்கும் நேரே 'வியாழன் அல்லது வெள்ளி' என்று எழுதி, அன்றைய ரன்னுக்கு நேரே தன் பெயரைப் போட்டார்.

அதற்கப்புறம் அந்த லேபையே நான் நடத்தும் காலம் வந்தது, ஓய்வும் பெற்றுவிட்டேன். வாங்கிய பட்டயங்களும் கேடயங்களும் ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கின்றன. என் வேலைக்காலத்தில் நான் பெருமைப்படுவது அந்த மீட்டிங்கைத்தான். புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளே, உங்கள் பண்டிகைக்கு லீவு வேண்டுமென்றால் பண்டிகை என்றே சொல்லிக் கேளுங்கள், வேலைக்கு வழியையும் கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் சொந்தப் பெயரைக்கூடச் சொல்லப் பயப்படும் ஒருவர் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம்.