ஏழாம் நாள் நகராத வள்ளம்

பாறசாலையில் அனூஜ் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், அவன் மனைவி ஸ்வப்னா "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடி, அது எப்படி இருக்கிறதென்று ஒரு தமிழ் இணையதளத்துக்கு எழுதிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறான் என்று உண்மையைச் சொன்னால், பெருங்கடவிளையில் இருக்கிற அவள் வீட்டார் பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

ஒன்பது வருடமாக எழுதுகிறான். முதல் இரண்டு மூன்று வருடம் இனித்தது. அப்புறம் கம்பெனிகள் கேம்களை வெந்ததும் வேகாததுமாக இறக்கிவிட்டு, மீதியை அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பழகிவிட்டன. வெளியான அன்று திட்டு வாங்கிய கேம் ஒரு வருடம் கழித்து நன்றாகிவிடும். புகழ்ந்து எழுதியது அப்டேட் ஆகி நாசமாகிவிடும். அதனால் தளத்தில் 'மறுபார்வை' என்று ஒரு பகுதியைத் தொடங்கி அதை அனூஜ் தலையில் கட்டினார்கள். பழைய மதிப்பெண்ணை அழிக்காமல் பக்கத்தில் புதியதைப் போட வேண்டும். துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைக்கிற பிழைப்பு. முப்பத்தாறு வயதில் அவனுக்கு விளையாட்டு என்றாலே கொட்டாவி வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெருமை மிச்சமிருந்தது. கேம் செய்தவர்கள் எழுதுகிற கடிதங்களை அவன் திறப்பதே இல்லை. படித்தால் மனம் சாயும், நடுநிலை போய்விடும் என்பது அவன் கட்சி. அவை தனியாகப் போய் விழுவதற்கென்று மெயிலில் ஒரு பெட்டியே வைத்திருந்தான்.

இந்த மாதப் பட்டியலில் 'பொழிமுகம்' இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் மூன்று மதிப்பெண் போட்ட கேம். செய்தவள் ஷிஜா என்ற பெண், பொழியூர்க்காரி. பாறசாலையிலிருந்து பஸ் ஏறினால் அரைமணிக்கூறில் போய்விடலாம். பக்கத்து ஊர் என்று சலுகை காட்டவில்லை என்பதில் அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கேமில், கடற்கரையில் ஒரு குடும்பம். தினமும் வள்ளத்தை இறக்க வேண்டும், வலை வீச வேண்டும், கரையேற வேண்டும். ஆறு நாள் ஒழுங்காகப் போயிற்று. ஏழாம் நாள் வள்ளம் நகரவில்லை. எங்கோ மணி அடித்தது. கரையில் ஆட்கள் வெள்ளை உடுத்து நடந்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வள்ளம் அசையவில்லை. அனூஜ் கேமை அழித்து மறுபடி ஏற்றினான். மறுபடியும் ஏழாம் நாள் அதே கதை. வேறு இரண்டு கேம்கள் காத்துக்கிடந்தன. 'ஏழாம் நாளோடு கேம் செத்துப்போகிறது. இத்தனை பெரிய கோளாறோடு ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது' என்று எழுதி மூடினான்.

இப்போது வந்திருப்பது 1.4 என்ற புதிய பதிப்பு. ஏழாம் நாள் வள்ளம் வழுக்கிக்கொண்டு போயிற்று. எட்டாம் நாளும் போயிற்று, இருபதாம் நாளும் போயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முப்பதாம் நாள் வருவதற்குள் அவனுக்கு அலுத்துவிட்டது. அந்தக் குடும்பம் ஒரு நாள்கூட உட்காராமல் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த இவனுக்கு இடுப்பு வலித்தது. அந்தக் கோளாறு எதனால் வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் கட்டுரை எடுப்பாக இருக்குமே என்று, வழக்கத்துக்கு மாறாக, கேமில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தான்.

அவன் கேட்டதும் ஷிஜா, "நேர்ல வாருங்க அண்ணா. ஞாயிறாழ்ச்ச வந்தா அப்பாவும் வீட்டில உண்டு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டை மாற்றுவதை ஸ்வப்னா பார்த்துக்கொண்டு நின்றாள். "ஞாயிறாழ்ச்சயும் வேலையாக்கும். ஒரு நாளாவது வீட்டில இருக்கப்பிடாதா?"

"இது ஒண்ண முடிச்சிட்டு வாறேன்" என்றான். ஒன்பது வருடமாக இதே பதில்தான்.

பொழியூரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தான். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. வலைகள் சுருட்டியிருந்தன. தேவாலயத்தில் மணி அடித்தது. வெள்ளை உடுத்த ஆட்கள் கூட்டமாக அங்கிருந்து வந்துகொண்டிருந்தார்கள். இதை எங்கே பார்த்தோம் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. இருந்தும், வேறு காரணம் ஏதாவது இருக்காதா என்ற நப்பாசை விடவில்லை.

ஷிஜாவின் அப்பா கிளீட்டஸ் வாசலில் நின்றிருந்தார். அனூஜ் தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "இண்ணைக்கு என்ன மாமா, கடல் மோசமா?"

"கடலுக்கு ஒண்ணுமில்ல மக்கா. ஞாயிறாழ்ச்சயாக்கும். இங்க ஆரும் வள்ளம் இறக்காது."

ஷிஜா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இருபத்தேழு வயதுப் பெண். கோபம் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோன முகம். "அது கோளாறு இல்ல அண்ணா. கை வைக்காம விட்டிருந்தா எட்டாம் நாள் தானே விடியும். வள்ளம் போவும்."

"கேமுல அத ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"ஞாயிறாழ்ச்ச கடலுக்குப் போவாதுண்ணு ஒருத்தருக்குச் சொல்லணுமாண்ணு நினைச்சேன். அதுவும் பாறசாலையில இருக்கிய ஆளுக்கு." அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு மூணு மட்டம் கடிதம் எழுதினேன். பதில் இல்ல. வாங்குனவங்க எல்லாரும் நீங்க சொன்னதையே சொன்னாங்க. பின்ன என்ன செய்ய? ஞாயிறாழ்ச்சய எடுத்திட்டேன்."

கிளீட்டஸ் தேநீரை நீட்டியபடி மெதுவாகச் சொன்னார். "அதில ஓடியது என் வள்ளமாக்கும். பேரு, நிறம், முன்னால உள்ள கீறல் எல்லாம் இவ அப்பிடியே செய்து வச்சிருக்கா. முதல்ல தினமும் இருந்து பாப்பேன். இப்பம் பாக்கியதில்ல. நான் நாப்பது வருஷம் செய்யாத காரியத்த என் வள்ளம் செய்யுது, கேட்டியா."

அவர் குரலில் குற்றம் சாட்டுவது ஒன்றுமில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். வெட்கம் அனூஜைப் பிடுங்கித் தின்றது.

திரும்புகிற பஸ்ஸில், மெயிலில் இருந்த அந்தப் பெட்டியைத் திறந்தான். நூற்றுக்கணக்கில் கிடந்தவற்றுக்கு நடுவே ஷிஜாவின் மூன்று கடிதங்கள் இருந்தன. முதலாவதில் இரண்டே வரி. 'அண்ணா, ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் நாள்வரை ஒரு தடவை காத்திருந்து பார்ப்பீர்களா?' நடுநிலை என்று இத்தனை நாள் அவன் கொண்டாடியது வெறும் சோம்பல்தான் என்று அவனுக்கே தெரிந்தது.

தப்பு தன்னுடையது என்றே எழுதப்போவதாக அனூஜ் சொன்னதும், தளத்தை நடத்துகிற ஷைஜு திருவனந்தபுரத்திலிருந்து ஃபோனில் சொன்னான்: "எலே, புதுசுக்கு எட்டு போட்டுட்டு விடு. எழுதினவனே தப்புண்ணு சொன்னா நம்மள ஆரு நம்புவா? பின்ன மறுபார்வை உன் கையில இருக்காது, பாத்துக்க."

அனூஜ் எழுதினான். 'பொழிமுகத்தில் பிழை இருக்கவில்லை. பிழை என் விமர்சனத்தில் இருந்தது. அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அரைமணிக்கூறு தூரத்தில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. பழைய பதிப்புக்கு எட்டு. இப்போதைய பதிப்புக்கு ஐந்து. குறைந்த மூன்றும் என்னால் குறைந்தவை.'

ஷைஜு வாக்குத் தவறாதவன். கட்டுரையைப் போட்டான், மறுபார்வையை வேறொருவனுக்குக் கொடுத்தான். பக்கத்து ஊரே தெரியாதவன் உலகத்து கேமுக்கெல்லாம் மார்க் போடுகிறானா என்று கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். விதியின்படி பழைய மதிப்பெண் மூன்றும் அழியாமல் நின்றது.

மூன்று வாரம் கழிந்து 1.5 வந்தது. மாற்றங்கள் என்ற இடத்தில் 'ஏழாம் நாள் பழையபடி' என்று மட்டும் இருந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷிஜாவின் எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. சோறு விளம்பிக்கொண்டிருந்த ஸ்வப்னாவுக்கும் கேட்கும்படி வைத்தான்.

"மக்கா, கிளீட்டஸாக்கும். இவ்வளவு நேரம் இருந்து பாத்தேன். வள்ளம் போவல்ல."