நூற்றுக்குப் பதினைந்து

ஷாயிராவின் வீட்டு மாடி அறையில் நான் பல வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்த புதிதில் தீவுக்காரர்களின் திவேஹி பாஷை தெரியாமல் கடையில் கைஜாடை காட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "சார் கணக்கு சொல்லித் தர வந்தீங்களா, நாடகம் போட வந்தீங்களா?" என்று கேட்டு அங்கிருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தவள் அவள்தான்.

விடிந்ததும் சூரை மீனையும் தேங்காயையும் பிசைந்து, மாவில் பொதிந்து பொரித்து, படகுத்துறை டீக்கடைகளுக்குக் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் கடற்கரை மைதானத்தில் பெண்கள் பாஷி ஆடுவார்கள். எதிரணிக்கு முதுகைக் காட்டி நின்று, மட்டையால் பந்தைத் தலைக்குப் பின்னால் அடிக்கிற ஆட்டம் அது. அவள் அடித்த பந்தைப் பிடிக்கப் போய் விரல் வீங்கியவர்கள் எங்கள் தீவில் நிறைய.

கணவன் நிஸாம் ஒரு உல்லாச விடுதித் தீவில் படகு வேலை. எப்போதாவது லீவில் வருவான். இருவரும் ஒருமுறை விவாகரத்து செய்து, மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதைப் பற்றி யாராவது கேட்டால், "மொத தடவை அவன் அழகுக்காகக் கட்டினேன். ரெண்டாவது தடவை, வேற ஆள் தேடச் சோம்பலா இருந்துச்சு" என்பாள். அந்த இரண்டாவது கல்யாணத்தில் பிறந்தவள் யானா.

யானா தவழ்ந்துகொண்டிருந்த காலம். ஜூன் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. சுகாதார நிலையத்து டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பல் முளைக்கிற நேரம் என்று சொல்லி மருந்து கொடுத்தார். மருந்து கொடுத்தால் இறங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். பக்கத்து வீட்டு மரியம்பு வந்து, "கண்ணு பட்டிருக்கும், ஓதிப் போடலாம்" என்றாள். ஓதியும் போட்டார்கள். மூன்றாம் நாள் குழந்தை பாலைக் குடிக்கவில்லை. குடித்ததையும் கக்கியது. டாக்டரே பயந்துபோய், பெரிய தீவு ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள் என்றார்.

படகு போகவில்லை. தென்மேற்குக் காற்று அப்படி அடித்தது. பவளத் திட்டுக்கு வெளியே அலை வெள்ளையாக எழும்பி நின்றது. ஷாயிரா குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் குடை பிடித்தேன். குடை திரும்பிக்கொண்டது.

"எறங்கலாமா, எறங்கக் கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று படகோட்டி ஸமீரிடம் கேட்டாள்.

"எறங்கலாம், ஷாயிரா. திட்டு வாயைத் தாண்டுவோமாங்கிறதுதான் தெரியல. உன்னையும் புள்ளையையும் தண்ணியில விட்டுட்டு நான் யாருக்குப் பதில் சொல்றது?"

நிஸாம் போனில் கத்தினான். இவள் பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். "சார், ஏதாவது பண்ணுங்க சார், ஏதாவது பண்ணுங்க" என்றான் அவன். நான் என்ன பண்ண முடியும்? பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் மதியம்தான் படகு போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரிஸ்னா என்று ஒரு இளம் டாக்டர். மெல்லிய குழாய் விட்டுக் குழந்தையின் சிறுநீரை எடுத்துப் பார்த்தார். கிருமி மேலே ஏறி சிறுநீரகத்துக்கே போயிருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. யானா ஒரு பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றாள். ஷாயிரா முதல் தடவையாக அழுதது அப்போதுதான் என்று நிஸாம் பிறகு சொன்னான். விடுதியிலிருந்து எப்படியோ படகு பிடித்து அவன் வந்து சேர்ந்திருந்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ரிஸ்னா ஒன்று சொல்லியனுப்பினார். அதைச் சுமந்துகொண்டுதான் ஷாயிரா என் மாடிப்படி ஏறினாள்.

"சார், நீங்க கணக்கு வாத்தியார்தானே. இதுக்கு அர்த்தம் சொல்லுங்க. காய்ச்சல் எவ்வளவு ஏறுச்சு, எத்தன நாள் இருந்துச்சு, ரத்தத்துல என்ன, எந்தக் கிருமி, எல்லாத்தையும் வச்சு அந்தப் பொண்ணு பார்த்துச்சு. இந்த மாதிரி நூறு புள்ளைங்களுக்கு வந்தா பதினஞ்சு புள்ளைக்கு சிறுநீரகத்துல தழும்பு விழுமாம். இப்பத் தெரியாதாம். ஆறு மாசம் கழிச்சு திருவனந்தபுரம் போயி ஒரு படம் எடுக்கணுமாம். யானா அந்தப் பதினஞ்சுல இருக்காளா, மிச்சத்துல இருக்காளா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது, ஷாயிரா."

"பின்ன எதுக்குக் கணக்கு?"

நான் ஒரு பையில் நூறு கோலிக்குண்டு இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பில் சொல்கிற பாடம்தான். எண்பத்தைந்து வெள்ளை, பதினைந்து கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் வெள்ளை வரத்தான் வாய்ப்பு அதிகம் என்றேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். "நான் நூறு பெத்தேனா சார்? ஒண்ணுதான் பெத்தேன். அவளுக்கு விழுந்தா நூத்துக்கு நூறு. விழலன்னா சைபர். நடுவுல பதினஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?"

பதினைந்து குறைவுதான், பயப்படாதே என்றேன். "நீங்க பயப்படலையா?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அந்த ஆறு மாசமும் அவள் யானாவின் ஒவ்வொரு நாப்கினையும் முகர்ந்து பார்த்தாள். குழந்தை உடம்பு லேசாகச் சுட்டாலும் சுகாதார நிலையத்தில் போய் நிற்பாள். சிறுநீர் பிடிக்கிறது ஒரு கூத்து. குழந்தையை மடியில் விரித்து வைத்து, கிண்ணத்தை அடியில் பிடித்து, குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் காட்டி, நர்ஸும் இவளும் "ஷ்ஷ்ஷ்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். யானா இருவரையும் பார்த்துச் சிரிப்பாள். கிண்ணத்தை எடுத்த மறுநிமிஷம் நர்ஸின் பாவாடை நனையும். "இவ என் புள்ளதான், சந்தேகமே இல்ல" என்பாள் ஷாயிரா. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனாலும் சாயங்காலம் மைதானத்தில் அவளைக் காணோம். கூப்பிடப் போனவர்களிடம், மட்டை எங்கே வைத்தேனென்று தெரியவில்லை என்று சொல்லியனுப்பினாள்.

பள்ளிக்கூட விடுமுறையில் நான் ஊருக்குத் திரும்புகிற வழி திருவனந்தபுரம்தான். அவர்களோடு இறங்கி இரண்டு நாள் தங்கினேன். எங்கள் தீவுகளிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ் என்பதால் லாட்ஜ்காரருக்கே திவேஹி தெரியும், அங்கே மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. ஆனால் போகாதீங்க என்று நிஸாம் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் ஒரு ஊசி போட்டார்கள். மருந்து சிறுநீரகத்தில் படிய நேரம் ஆகும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு யானாவைத் தூங்க வைத்து ஒரு பெரிய கருவியின் கீழே படுக்க வைத்தார்கள். அசையக் கூடாது. ஷாயிரா குழந்தையின் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

மலையாளி டாக்டர் வயதானவர், பொறுமையானவர். திரையில் இரண்டு அவரை விதை போல் தெரிந்தன. இடது விதையின் மேல்முனை கடித்தெடுத்த மாதிரி இருந்தது. நான் மொழிபெயர்க்கும் முன்பே ஷாயிராவுக்குப் புரிந்துவிட்டது.

"இது அன்னிக்குப் படகு போகாததாலயா?" என்று கேட்டாள். "அதை மட்டும் கேளுங்க சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கலாம். சீக்கிரம் மருந்து கிடைச்சா நல்லதுதான். ஆனா முதல் நாளே வந்த குழந்தைக்கும் தழும்பு பார்த்திருக்கேன். ஒரு வாரம் கழிச்சு வந்ததுக்கு ஒண்ணுமே இல்லாமலும் பார்த்திருக்கேன். இந்தக் குழந்தைக்கு எதனால்னு சொல்ல என்னால முடியாது."

"இனிமே கெட்டுப் போகுமா?"

"பெரும்பாலும் போகாது. வலது பக்கம் நல்லா வேலை செய்யுது. வருஷா வருஷம் ரத்த அழுத்தம் பாருங்க, சிறுநீர் பாருங்க. பெரிசாகி இவ பிள்ளை உண்டாகும்போது டாக்டர்கிட்ட மறக்காம சொல்லச் சொல்லுங்க. நூறு பேர்ல—"

"வேண்டாம்" என்றாள் ஷாயிரா. "அது வேண்டாம்னு சொல்லுங்க சார்."

லாட்ஜுக்கு வந்ததும் நிஸாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மொத நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அன்னிக்குக் கடல் சும்மாதானே இருந்துச்சு" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

"பல்லுன்னு டாக்டர் சொன்னாரு. பல்லுக்குப் படகு ஏறுவியா நீ? அங்க விடுதியில யாருக்கோ குடை பிடிச்சு எறக்கி விட்டுக்கிட்டிருந்தே. என்னைக் கேக்க வந்துட்டான்."

அவன் எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு ஆரஞ்சு நிற யானைப் பொம்மையும் கண்ணில் சிவப்பும் இருந்தன. சண்டையை முடிக்க யாராவது ஒருவர் மேல் குற்றம் இருக்க வேண்டுமே. தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது யானாவுக்கு ஆறு வயது. ஓடுகிறாள், நீந்துகிறாள், அம்மா மாதிரியே வாய். அந்தக் காய்ச்சல் மறுபடி வரவில்லை. சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை பெரியவர்களுக்கானது; குழந்தையின் கையில் இரண்டு சுற்று வந்தது. அதனால் ஷாயிரா திருவனந்தபுரத்திலிருந்தே சின்னப் பட்டை ஒன்றை வரவழைத்துக்கொண்டாள். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னதை மாசத்துக்கு ஒருமுறை பார்க்கிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னால், "இந்த மாசம்" என்று சேர்த்துக்கொள்கிறாள்.

போன விடுமுறைக்கு முன் நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது யானா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா எனக்கு மட்டும் இதைச் சுத்துறே? ஷிஃபா வீட்ல யாருக்கும் சுத்த மாட்டேங்கிறாங்க."

"உனக்குக் கை அழகா இருக்குல்ல, அதான்."

யானா திருப்தியோடு வாசலுக்கு ஓடினாள். ஷாயிரா பட்டையைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு நாள் சொல்லணும்ல சார். என்னன்னு சொல்றது? பயப்படுன்னா, பயப்படாதேன்னா?"

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.